பார்வை திரும்பிய பிறகும் நரம்பு ஏன் மெலிகிறது?

கேள்வி: எனக்கு 31 வயது, ஒரு குழந்தைக்குத் தாய். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் துணியின் ஷேட் பார்க்கும் பிரிவில் வேலை. மூன்று மாதத்துக்கு முன்பு இடது கண்ணை அசைத்தாலே உள்ளுக்குள் வலித்தது. இரண்டு நாளில் பார்வை புகைமூட்டமாகி, சிவப்புத் துணி வெளுத்துப்போய்த் தெரிந்தது. கண் டாக்டர் பார்த்துவிட்டு, கண்ணுக்குள் ஒன்றும் இல்லை, நரம்பு டாக்டரைப் பாருங்கள் என்றார். ஐந்து நாள் ஸ்டீராய்டு டிரிப்ஸ் ஏற்றினார்கள். ஒரு மாதத்தில் 6/6 வந்துவிட்டது. ஆனால் எம்.ஆர்.ஐ.யில் மூளையில் நான்கு வெள்ளைப் புள்ளிகள் இருப்பதால் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்கிறார்கள். விழித்திரைப் படலத்தின் கனத்தை அளக்க போன வாரம் எடுத்த ஓ.சி.டி. ஸ்கேனில் இடது கண் 79 மைக்ரான், வலது 98. இடது நரம்பு மெலிந்துவிட்டதாம். பார்வை முழுசாக வந்த பிறகு நரம்பு எப்படி மெலியும்? வீக்கம் அடங்கிய பிறகு வருடக்கணக்கில் மருந்து எதற்கு? அடுத்த முறை வலி வந்தால், மிச்சம் இருக்கும் ஸ்டீராய்டு மாத்திரையை உடனே போட்டுக்கொள்ளலாமா? மதிய வெயிலில் நடந்தால் அந்தக் கண் மங்குகிறது. நோய் திரும்பிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. இரண்டாவது குழந்தைக்கும் ஆசை.

பதில்:

உங்கள் கண்ணில் வந்தது பார்வை நரம்பு அழற்சி. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்பது உடலின் தற்காப்பே மூளை, தண்டுவட நரம்பிழைகளின் உறையைத் தாக்கும் நோய். உங்கள் கேள்விகள் பல என்றாலும் எல்லாம் ஓர் இடத்தில்தான் போய் நிற்கின்றன. அழற்சியும் நரம்புச் சேதமும் ஏறக்குறைய ஒன்றாகத் தொடங்குகின்றன, ஆனால் ஒன்றாக முடிவதில்லை. வலியும் மங்கலும் பெரும்பாலும் அழற்சியின் வேலை. அது சில வாரங்களில் அடங்கிவிடும். நரம்பிழைகள் அழிவதும் மெலிவதும் வலியில்லாமல் மாதக்கணக்கில் நடக்கும். உங்கள் டாக்டர் வருடக்கணக்கில் மருந்து வேண்டும் என்று சொல்வது இந்த இரண்டாவதை மனதில் வைத்துத்தான். நான் அந்த இடத்தில் இருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன்.

முதலில் அந்த 6/6. வெள்ளைப் பலகையில் கன்னங்கரேல் என்று அச்சடித்த எழுத்தைப் படிப்பது கண்ணுக்கு மிகச் சுலபமான பரீட்சை. ஒவ்வொரு பார்வை நரம்பிலும் சுமார் 12 லட்சம் நரம்பிழைகள் இருக்கின்றன. அவற்றில் கணிசமான பங்கு போனாலும் இந்தப் பரீட்சையில் பாஸ் ஆகிவிடலாம். பல இழை முறுக்கிய நூலில் சில இழை அறுந்தால் நூல் உடனே அறுவதில்லை, ஆனால் அதன் தாங்கும் பலம் குறைந்துவிடும். உங்கள் இடது நரம்பு இப்போது அப்படித்தான் இருக்கிறது. மங்கிய சாம்பல் நிறத்தில் அச்சடித்த எழுத்துப் பலகை ஒன்று உண்டு. அதைக் கொடுத்தால் இடது கண் திணறுவது தெரியவரும். சிவப்பை இரண்டு கண்ணாலும் மாறி மாறிப் பார்த்தாலும் தெரியும். நீங்களோ ஷேட் பார்த்துப் பழகியவர். சாதாரணமாக ஒருவர் கவனிக்காமல் விடுகிற நிற வித்தியாசத்தை இரண்டாம் நாளே பிடித்திருக்கிறீர்கள். அது நோயறிதலுக்குப் பெரிய உதவி.

கண் டாக்டர் உள்ளே ஒன்றும் இல்லை என்று சொன்னதில் தவறில்லை. இந்த நோயில் மூன்றில் இரண்டு பேருக்கு அழற்சி கண்ணுக்குப் பின்னால், நரம்பின் உள்பகுதியில்தான் இருக்கும். லைட் அடித்துப் பார்த்தால் நரம்பின் முகப்பு இயல்பாகவே தெரியும். அப்படிப்பட்ட நேரத்தில் கண்ணாடி நம்பரை மாற்றிக் கொடுத்து அனுப்பாமல், கண்மணி வெளிச்சத்துக்கு எப்படிச் சுருங்குகிறது என்று பார்த்து உங்களை நரம்பியலுக்கு அனுப்பினாரே, அவர் நல்ல டாக்டர்.

உள்ளே என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். அது புரிந்தால் மருந்து எதற்கு என்பதும் புரிந்துவிடும்.

பார்வை நரம்பு கையிலும் காலிலும் ஓடும் நரம்புகளைப் போன்றதல்ல. அது மூளையின் ஒரு பகுதி, கண் வரை நீண்டு வந்திருக்கிறது. விழித்திரையில் உள்ள கேங்ளியன் செல்களிலிருந்து கிளம்பும் இழைகள்தான் சேர்ந்து அந்த நரம்பாகின்றன. கண்ணை விட்டு வெளியே வந்ததும் ஒவ்வோர் இழையின் மேலும் மயலின் என்ற கொழுப்பு உறை சுற்றிக்கொள்கிறது. மூளையிலும் தண்டுவடத்திலும் இருக்கும் அதே வகை மயலின்தான் இது. அதனால்தான் மூளையைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் இவ்வளவு பேருக்குக் கண்ணில் முதலில் தலைகாட்டுகிறது.

உடலின் தற்காப்புச் செல்கள் சில, இந்த உறையைப் பகையாக நினைத்து, ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே இருக்கும் தடுப்பைத் தாண்டி உள்ளே நுழைகின்றன. நரம்பு வீங்குகிறது. கண்குழியின் பின்பக்கம் நரம்பின் மேலுறையும் கண்ணை அசைக்கும் தசைகளின் வேரும் ஒட்டி இருப்பதால், கண்ணைத் திருப்பும்போது வீங்கிய உறை இழுபட்டு வலிக்கிறது என்று கருதுகிறோம். மயலின் உரிந்த இடத்தில் மின்சமிக்ஞை தடைபட்டு நின்றுவிடுகிறது. நீங்கள் பார்த்த புகைமூட்டம் அதுதான்.

அப்புறம் அழற்சி அடங்குகிறது. வீக்கம் வற்றுகிறது. உறை போன இழையிலும் சோடியம் வாயில்கள், அதாவது சமிக்ஞை ஓடுவதற்காகச் சோடியத்தை உள்ளே விடும் நுண்துளைகள், புதிதாகப் பரவி, சமிக்ஞை மெதுவாகவாவது கடந்துபோக வழி உண்டாகிறது. சில இழைகளுக்கு மயலின் மறுபடியும் வளரும். பழைய கனத்துக்கு வராது, மெல்லியதாக இருக்கும். மூளையும் கிடைக்கிற தகவலை வைத்துச் சமாளித்துக்கொள்ளப் பழகிவிடும். இதெல்லாம் சேர்ந்துதான் உங்கள் 6/6. ஆனால் சமிக்ஞையின் தாமதம் பெரும்பாலும் நீங்குவதில்லை. 1972இல் லண்டனில் ஹாலிடே, மெக்டொனால்ட், முஷின் என்ற மூவர் இதை அளந்து காட்டினார்கள். சதுரங்கக் கட்டம் மாறி மாறித் தெரியும் திரையைப் பார்க்கச் செய்து, தலையின் பின்பக்கம் மூளையின் மின்அலையைப் பதிவு செய்யும் சோதனை அது. இயல்பான கண்ணில் சுமார் 100 மில்லிசெகண்டில் வரவேண்டிய அலை, அழற்சி வந்த கண்ணில் தாமதமாக வந்தது; பார்வை தெளிந்த பிறகும் தாமதமாகவே வந்தது. வி.இ.பி. என்ற பெயரில் இன்றும் அந்தச் சோதனை செய்கிறோம்.

நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் கேட்கிறேன். ஸ்கூட்டி ஓட்டும்போது குறுக்கே போகும் வண்டி எவ்வளவு தூரத்தில் போகிறது என்று குழப்பம் வருகிறதா? ஒரு கண்ணின் தகவல் நேரத்துக்கும் இன்னொன்றின் தகவல் சற்றுப் பிந்தியும் மூளைக்குப் போனால், நேர்க்கோட்டில் நகரும் பொருள் வளைந்து வருவதுபோலத் தோன்றும். 1922இல் கார்ல் புல்ஃப்ரிச் என்ற ஜெர்மானியர் இதை விளக்கினார். அப்படி இருந்தால் உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள். நல்ல கண்ணுக்கு மட்டும் லேசான நிறக் கண்ணாடி போட்டால் பலருக்கு இது குறைகிறது. ஆனால் இருட்டில் அது ஆகாது, அதனால் கேட்காமல் நீங்களாகவே செய்துகொள்ள வேண்டாம்.

இப்போது மெலிவுக்கு வருவோம். வெகுகாலம் மருத்துவ உலகம் இந்த நோயை மயலின் நோயாகவே பார்த்தது. உறை மட்டும் போகிறது, இழை தப்பிவிடுகிறது என்று நினைத்தோம். 1998இல் அமெரிக்காவில் புரூஸ் டிராப்பின் குழு, இறந்த நோயாளிகளின் மூளைத் திசுவை நுண்ணோக்கியில் பார்த்து, அழற்சி தீவிரமாக இருக்கும் இடங்களிலேயே இழைகள் ஏராளமாக அறுந்துகிடப்பதைக் காட்டியது. அதுவும் நோய் தொடங்கிச் சில வருடங்களே ஆனவர்களிடமும். அழற்சிச் செல்கள் கக்கும் நைட்ரிக் ஆக்ஸைடு போன்ற பொருள்கள் இழைக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவை முடக்குகின்றன. உறையில்லாத இழைக்கு வழக்கத்தைவிட அதிக சக்தி வேண்டியிருக்கும் நேரத்தில் இப்படி நடக்கிறது. சக்தி தீர்ந்ததும் சோடியம் உள்ளே தேங்கி, அதன் பின்னால் கால்சியம் நுழைந்து, இழை உள்ளிருந்தே சிதைகிறது.

அறுந்த இழை பின்னோக்கி விழித்திரை வரை பட்டுப்போகும். அந்தப் பின்னோக்கிய சிதைவு முடிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். ஓ.சி.டி. அளப்பது அந்த விழித்திரை இழைப் படலத்தின் கனத்தை. இயல்பான அளவு ஏறக்குறைய 100 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. ஒரு தாக்குதலில் சராசரியாக 20 மைக்ரான் வரை குறையலாம். உங்களுக்குக் குறைந்ததும் ஏறக்குறைய அவ்வளவே. பார்வை தெளிந்துகொண்டிருந்த அதே மாதங்களில்தான் இதுவும் நடந்திருக்கிறது. ஸ்கேன் எடுத்தது மூன்றாம் மாதம் என்பதால் இன்னும் சில மைக்ரான் குறையக்கூடும். ஆறாம் மாதம் மறுபடி எடுங்கள், முடிந்தால் அதே மெஷினில். அந்த எண்ணை இனி உங்கள் அடிப்படை அளவாக வைத்துக்கொள்ளலாம். சுமார் 75 மைக்ரானுக்குக் கீழே போனால் பார்வைப் புலமும் நிறமும் கண்ணுக்குத் தெரியவே பாதிக்கத் தொடங்குவதாக ஆய்வுகள் சொல்கின்றன. நீங்கள் அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கிறீர்கள். ஆனால் அருகில் இருக்கிறீர்கள். அதே நரம்பில் இன்னொரு தாக்குதல் வந்தால் தாங்கிக்கொள்ள இந்த முறை இருந்த கையிருப்பு அப்போது இருக்காது.

ஸ்டீராய்டு இதில் என்ன செய்தது? இதற்கு ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. 1988 முதல் 1991 வரை அமெரிக்காவில் 15 மையங்களில், பார்வை நரம்பு அழற்சி வந்த 457 பேரைச் சேர்த்து நடத்தினார்கள். ஒரு குழுவுக்கு ரத்தக்குழாய் வழியாக அதிக டோஸ் மீதைல்பிரட்னிசலோன் மூன்று நாள், பிறகு மாத்திரை. இன்னொரு குழுவுக்குச் சாதாரண டோஸில் பிரட்னிசோன் மாத்திரை மட்டும். மூன்றாவது குழுவுக்கு மருந்தில்லாத மாத்திரை. டிரிப்ஸ் ஏற்றியவர்களுக்குப் பார்வை சீக்கிரம் திரும்பியது. ஆனால் ஆறு மாதம், ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது பார்வைக் கூர்மையில் மூன்று குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சாதாரண டோஸ் மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கோ அழற்சி திரும்ப வருவது ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது.

வீட்டில் மிச்சம் இருக்கும் மாத்திரை அந்தச் சாதாரண டோஸ்தான். அதை நீங்களாகப் போட்டுக்கொள்ளவே கூடாது. அக்கம்பக்கத்தில் யாராவது, மெடிக்கல் ஷாப்பில் யாராவது, ‘போன முறை இதுதானே கேட்டது’ என்று கொடுத்தாலும் வேண்டாம். அதிக டோஸை மாத்திரையாகக் கொடுக்கும் முறை இருக்கிறது; ஒரு நாளைக்கு ஆயிரம் மில்லிகிராமுக்கு மேல் வரும் அந்த அளவுக்கும் உங்கள் கைவசம் இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை. அதையும் ரத்த அழுத்தம், சர்க்கரை, காய்ச்சல் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் கொடுப்போம். மிச்ச மாத்திரையை அடுத்த முறை போகும்போது டாக்டரிடமே காட்டி, என்ன செய்யலாம் என்று கேளுங்கள்.

ஸ்டீராய்டால் கடைசியில் வித்தியாசம் இல்லை என்றால் ஏன் ஏற்றினார்கள் என்று தோன்றும். வலியும் இருட்டும் சீக்கிரம் விலகுவது சின்ன விஷயம் அல்ல. அதைவிட, வந்திருப்பது எந்த வகை அழற்சி என்று முதல் நாளே தெரியாது. சில வகைகளில் ஸ்டீராய்டைத் தாமதித்தால் பார்வை திரும்பாமலே போகும். அந்த வகைகளைப் பற்றிக் கீழே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் ஒரு ரத்தப் பரிசோதனையின் பெயர் இல்லாதது என்னை உறுத்துகிறது.

அந்த ஆய்வில் சேர்ந்தவர்களை 15 வருடம் பின்தொடர்ந்தார்கள். தொடக்கத்தில் எம்.ஆர்.ஐ.யில் ஒரு புள்ளிகூட இல்லாதவர்களில் 25 சதவீதம் பேருக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் வந்தது. ஒன்றோ அதற்கு மேலோ புள்ளி இருந்தவர்களில் 72 சதவீதம் பேருக்கு வந்தது. உங்களுக்கு நான்கு. அந்த ஆய்வு தொடங்கிய காலத்தில் நோயின் போக்கை மாற்றும் மருந்து இல்லை. முதல் இன்டர்ஃபெரான் அமெரிக்காவில் அனுமதி பெற்றதே 1993இல்தான். 2000இல் வந்த ஓர் ஆய்வு, முதல் தாக்குதலிலேயே இன்டர்ஃபெரான் தொடங்கினால் இரண்டாவது தாக்குதலின் வாய்ப்பு குறைகிறது என்று காட்டியது. அதற்குப் பின் இன்னும் வலுவான மருந்துகள் வந்துவிட்டன. 2024இல் நோயறிதல் விதிகளைத் திருத்தியபோது, பார்வை நரம்பையும் தாக்கப்படும் இடங்களில் ஒன்றாகக் கணக்கில் சேர்த்தார்கள். இரண்டு கண்ணுக்கும் நடுவே ஓ.சி.டி.யில் 6 மைக்ரான் வித்தியாசமே அதற்கு ஒரு சான்றாகக் கொள்ளப்படுகிறது. உங்களுக்கு 19.

இன்னொன்றையும் யோசியுங்கள். கண்ணில் வந்ததால் உங்களுக்குத் தெரிந்தது. மூளையில் அந்த நான்கு புள்ளிகள் எப்போது வந்தன என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாது. இந்த நோயில் நோயாளிக்குத் தெரிந்த ஒவ்வொரு தாக்குதலுக்கும் தெரியாமல் வந்துபோகும் புள்ளிகள் பல மடங்கு இருக்கும். இந்த மருந்துகள் போன இழையைத் திருப்பித் தருவதில்லை. அடுத்த அழற்சி கிளம்பாமல் தடுப்பதுதான் அவற்றின் வேலை. எல்லாம் நன்றாக இருக்கும்போதே சாப்பிடச் சொல்வது அதனால்தான்.

ஆனால் தொடங்கும் முன் ஒரு விஷயம். அக்வாபோரின்-4, எம்.ஓ.ஜி. என்ற இரண்டு புரதங்களுக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் புரதங்கள் இருக்கின்றனவா என்று பார்க்க ரத்தம் கொடுத்தீர்களா? கடிதத்தில் இல்லை. எடுத்திருந்தால் சந்தோஷம். இல்லையென்றால் கேட்டு எடுங்கள். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் போலவே தோன்றி அது அல்லாத இரண்டு நோய்கள் இருக்கின்றன. ஒன்று எம்.ஓ.ஜி. எதிர்ப்புப் புரத நோய். இன்னொன்று, பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா. 2004இல் அதற்கான எதிர்ப்புப் புரதத்தைக் கண்டுபிடிக்கும் வரை பலர் அதை மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றே நம்பிச் சிகிச்சை செய்தார்கள். நம்மைப் போன்ற ஆசிய நாட்டவரிடம் மேலை நாட்டைவிட இதன் பங்கு அதிகம். இன்டர்ஃபெரான், ஃபிங்கோலிமோட், நடாலிசுமாப் போன்ற மருந்துகள் அந்த நோயைக் குறைக்காது, மோசமாக்கும். உங்கள் விஷயத்தில் ஒரு கண் மட்டும், நல்ல மீட்சி, மூளையில் புள்ளிகள் எல்லாம் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் பக்கமே கைகாட்டுகின்றன. இருந்தாலும் வருடக்கணக்கில் சாப்பிடப்போகும் மருந்துக்கு முன் இந்த ஒரு சோதனையை விடக்கூடாது. செல்களை வைத்துச் செய்யும் முறையில் பார்க்கும் லேபாக இருந்தால் நம்பகம் அதிகம்.

கூடவே காசநோய், ஹெபடைட்டிஸ் பி இரண்டுக்கும் சோதித்துக்கொள்ளுங்கள். உடலில் அடங்கிக்கிடக்கும் இவை தற்காப்பைக் குறைக்கும் சில மருந்துகளால் கிளம்பிவிடும். போடவேண்டிய தடுப்பூசிகளையும் முதலிலேயே முடித்துவிடலாம். செலவு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அது எல்லோருக்கும் இருக்கும் கவலை. மருந்துக்கு மருந்து விலை மலைக்கும் மடுவுக்கும் போல மாறுபடுகிறது. ரிட்டுக்ஸிமாப் போல, குறைந்த செலவில் பல மருத்துவர்கள் இந்த நோய்க்குப் பயன்படுத்தும் மருந்தும் இருக்கிறது. தாங்கும் செலவு எவ்வளவு என்று டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். பாதியில் நிறுத்துவதைவிட, தொடர்ந்து வாங்க முடிந்த மருந்தில் தொடங்குவது நல்லது.

வெயில் விஷயத்துக்கு வருகிறேன். பயப்பட வேண்டாம். 1890இல் ஊட்ஹாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் இதைப் பதிவு செய்தார். உடல் சூடு கொஞ்சம் ஏறினாலே, உறை மெலிந்த இழையில் சமிக்ஞை தடுமாறும். சூடு தணிந்தால் சரியாகிவிடும். வெந்நீர்க் குளியல், வேகநடை, காய்ச்சல் எல்லாமே இதைச் செய்யும். இதனால் நரம்புக்குப் புதுச் சேதம் எதுவும் வராது. நம் ஊர் ஏப்ரல், மே மாதங்களில் மதிய நடையைத் தவிர்த்து, பச்சைத் தண்ணீரில் குளித்து, கழுத்தில் ஈரத்துணி போட்டுக்கொண்டால் நிறைய பேருக்குப் போதும். ஷேட் ஒப்பிடும் வேலையை மட்டும் காலை நேரத்துக்கு மாற்றித்தர முடியுமா என்று சூப்பர்வைசரிடம் கேட்டுப் பாருங்கள். முக்கியமான ஷேட்டை வலது கண்ணால் மட்டும் ஒரு தடவை பார்த்து உறுதி செய்யுங்கள்.

எப்போது கவலைப்பட வேண்டும்? குளிர்ந்த இடத்தில் உட்கார்ந்த பிறகும் மங்கல் போகாமல் 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால். கண் அசைவில் வலி மறுபடி வந்தால். வலது கண்ணில் ஏதாவது தெரிந்தால். கால் மரத்துப்போனால், சிறுநீர் அடக்க முடியாமலோ வராமலோ இருந்தால். அன்றைக்கே அல்லது மறுநாள் டாக்டரைப் பாருங்கள். முதலில் காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ இருக்கிறதா என்று பார்ப்பார். பழைய அறிகுறிகளைத் தட்டியெழுப்புவதில் அவை கெட்டிக்காரத்தனமானவை. ஸ்டீராய்டு தேவையா என்பது அதற்கு அப்புறம்தான்.

நரம்பை மறுபடி தடிமனாக்குகிறேன் என்று ஸ்டெம் செல் ஊசி விளம்பரங்கள் உங்கள் போனுக்கு வரத் தொடங்கும். கண்ணுக்குள்ளோ கண்ணைச் சுற்றியோ போடும் அந்த ஊசிகளுக்கு இந்த நோயில் நிரூபணம் இல்லை, சிலருக்குப் பார்வையே போயிருக்கிறது. மயலினை வளர்க்கும் மருந்துக்கான தேடல் உண்மையாகவே நடக்கிறது. கிளெமாஸ்டின் என்ற பழைய அலர்ஜி மாத்திரை வி.இ.பி. தாமதத்தைச் சற்றே குறைத்ததாக 2017இல் ஓர் ஆய்வு வந்தது. குறைந்த அளவு இரண்டு மில்லிசெகண்டுக்கும் கம்மி. அதை வைத்து யாரும் வாங்கிச் சாப்பிடும் நிலையில் இல்லை. புகைப்பவர் வீட்டில் இருந்தால் அந்தப் புகையிலிருந்து விலகியிருப்பது இன்றைக்கே செய்யக்கூடியது.

இரண்டாவது குழந்தை தாராளமாகப் பெற்றுக்கொள்ளலாம். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் தாக்குதல்கள் குறைகின்றன, பிரசவத்துக்குப் பிந்தைய மூன்று மாதங்களில் கூடுகின்றன என்று 1998இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வு காட்டியது. நோய் ஒரு வருடமாவது அமைதியாக இருந்த பிறகு திட்டமிடுவது நல்லது. டெரிஃப்ளூனமைடு, ஃபிங்கோலிமோட் என்ற இரண்டு மருந்துகளும் கர்ப்பத்தில் கூடாதவை. அதனால் குழந்தை ஆசை இருக்கிறது என்பதை மருந்தைத் தேர்ந்தெடுக்கும் அன்றே, நீங்களும் உங்கள் கணவரும் சேர்ந்துபோய்ச் சொல்லிவிடுங்கள். அன்று எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டை மட்டும் கொண்டுபோகாமல், அதன் படங்கள் பதிந்த சி.டி. தட்டையும் எடுத்துப்போங்கள். தண்டுவட எம்.ஆர்.ஐ. எடுத்தாயிற்றா, அந்த இரண்டு ரத்தப் பரிசோதனை முடிவும் வந்துவிட்டதா என்று கேளுங்கள். வந்த முடிவுகளோடு எனக்கு மறுபடி எழுதினால் பார்த்துச் சொல்கிறேன்.